கழுத்தா, தோளா, தொடையா

கோகிலவாணி மயக்க மருந்து டாக்டரானது ஆசைப்பட்டு அல்ல. மேற்படிப்புக்கு இடம் ஒதுக்கிய அன்று அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் குழந்தை மருத்துவம், கண், தோல் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் முறை வந்தபோது மிச்சமிருந்தவற்றில் மும்பையை விட்டுப் போகவேண்டாத படிப்பு அது ஒன்றுதான். வெளியே காத்து நின்ற அப்பா சொரிமுத்துவுக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மாட்டுங்காவில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர் அவர்.

"மயக்கம் போடுததுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டார். பிறகு அவரே, "சரி, அதையும் ஒரு ஆளு செய்யணும்லா" என்று சமாதானமாகிக்கொண்டார்.

அவர்கள் வீடு தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில், ஒரு பெல்ட் பட்டறைக்கு மேலே இருந்தது. கீழே தோல் வெட்டும் சத்தமும் பசை வாடையும் இருந்துகொண்டே இருக்கும். அவளுக்கு அது படிப்பதற்கு இடைஞ்சலாக ஒருநாளும் தோன்றியதில்லை. ஏழாவது வரை நகராட்சித் தமிழ்ப் பள்ளி. அதற்குப் பிறகு மாட்டுங்காவில் இங்கிலீஷ் மீடியம். அங்கேயும் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். ஆனால் அவர்கள் தமிழ் வேறாக இருந்தது. இவள் வாயைத் திறந்து "வாரேன்", "போறாவ" என்று சொன்னால் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அவள் பள்ளியில் ஹிந்தி மட்டும் பேச ஆரம்பித்துவிட்டாள். பம்பாய் ஹிந்தியில் எல்லாரும் கொச்சைதான். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது.

படிப்பை முடித்து ஆபரேஷன் தியேட்டரில் சில வருஷங்கள் வேலை பார்த்தாள். அந்த வேலையில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை, பெரிய பிடிப்பும் இல்லை. நோயாளியைத் தூங்க வைத்து, எழுப்பி, அனுப்பிவிட்டால் அவரோடு அவளுக்கு அதன்பின் ஒன்றும் கிடையாது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாறியபோதுதான் வேலை அவளைப் பிடித்துக்கொண்டது. அங்கே ஆள் வென்டிலேட்டரில் நாள்கணக்கில் கிடப்பார். இன்றைக்குச் செய்தது சரியா தவறா என்று நாளைக்கு அந்த உடம்பே சொல்லிவிடும். அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எவ்வளவு ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தாலும் ஊசி குத்துவதற்கு முன் நோயாளியிடம் சொல்லிவிட்டுத்தான் குத்துவாள். மராத்திக்காரருக்கு மராத்தியில், தமிழருக்குத் தமிழில். கேட்கிறதோ இல்லையோ, சொல்லாமல் ஒருத்தர் உடம்பைத் தொடுவது அவளுக்குத் திருட்டுத்தனமாகப் பட்டது.

செம்பூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் ஐசியுவில் அவள் வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமாகி சுனாபட்டியில் குடியிருந்தாள். கணவன் திருவேங்கடத்துக்குத் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. அவளோடு அதே ஐசியுவில் அதே பொறுப்பில் இருந்தவன் நகுல். மாட்டுங்காவின் பாலக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளை. இவள் ஹிந்திக்கு மாறின அதே பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு முன்னால் படித்தவன். அவளைப் பார்த்துச் சிரித்தவர்களில் அவன் இருந்தானா என்று அவள் கேட்டதில்லை. வேலையில் இருவருக்கும் நல்ல ஒத்துப்போதல் இருந்தது. அவனுடைய கை அந்த ஆஸ்பத்திரியில் பேர் போனது. மற்றவர்கள் தொட யோசிக்கும் இடத்தில் அவன் ஊசியை வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வான்.

மழை கொட்டித் தீர்த்த ஓர் ஆகஸ்ட் மாதம் மாரீஸ்வரன் அந்த ஐசியுவுக்கு வந்தான். தாராவியில் இனாயத்துல்லா என்பவரின் பட்டறையில் தோல் பை தைக்கிறவன். பட்டறைக்குள் இடுப்பளவு சாக்கடைத் தண்ணீர் ஏறியபோது, தோல் கட்டுகளைக் காப்பாற்றத் தண்ணீருக்குள் நின்று பரணுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறான். தண்ணீர் வடிந்து சில நாள் கழித்துக் காய்ச்சல். கெண்டைக்கால் வலி தாங்காமல் முனகினான். கண் மஞ்சளாகியது. சந்து முனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வந்து படுத்தவன், ஒரு காலையில் இருமியபோது தலையணையில் ரத்தம் தெறித்தது. இனாயத்துல்லா தன் டெம்போவிலேயே அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து சேர்த்தார். கூட அவன் மனைவி பேராச்சி.

எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து வருவது. மும்பை டாக்டர்களுக்கு மழைக்காலத்தில் இதைக் கண்டுபிடிக்கப் பெரிய யோசனை தேவையில்லை. ஆனால் மாரீஸ்வரனுக்கு அது கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் தாண்டி நுரையீரலுக்குள் ரத்தம் கசியும் கட்டத்துக்குப் போயிருந்தது. வந்த உடனே தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தார்கள். முழு ஆக்ஸிஜன், அதிக அழுத்தம். அப்படியும் கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தினால் மானிட்டர் கத்தியது. மதியத்துக்குள் ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியது.

அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்தைக் கையில் இருந்த சின்ன ஊசி வழியாக ஓட்டினார்கள். அவசரத்துக்கு அது சரி. ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். கையிலுள்ள சிரைகள் மெல்லியவை. அந்த மருந்து வெளியே கசிந்தால் சுற்றியுள்ள சதை கருகிப்போகும். பெரிய சிரை ஒன்றில் நீளமான குழாயைச் செருகி அதன் வழியாக விடவேண்டும். ஐசியுவில் அதை சென்ட்ரல் லைன் என்பார்கள். அதைப் போட உடம்பில் மூன்று வாசல்கள் உண்டு: கழுத்து, தோளுக்குக் கீழே காறை எலும்பின் அடி, தொடை இடுக்கு. எதில் போடுவது என்பது டாக்டர் எடுக்கவேண்டிய முடிவு. பெரும்பாலான நாட்களில் அது முடிவு என்று சொல்லும்படியாகக்கூட இருக்காது. வலது கழுத்தில் அல்ட்ராசவுண்டை வைத்துப் பார்த்துக்கொண்டே போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

மாரீஸ்வரனிடம் அது அவ்வளவு எளிதாக இல்லை. சிறுநீர் நின்றுபோயிருந்ததால் அன்றைக்கே டயாலிசிஸ் தேவைப்பட்டது. டயாலிசிஸுக்கு வேண்டிய தடித்த குழாய்க்கு நேரான பாதை வலது கழுத்துதான். அதை அதற்கு விட்டுவைக்கவேண்டும். இடது கழுத்தில் கோகிலவாணி அல்ட்ராசவுண்டை வைத்துப் பார்த்தாள். சிரை ஒடுங்கி, தமனியின் மேலேயே படுத்துக் கிடந்தது. குட்டையான கழுத்து வேறு. ரத்தம் உறையத் தேவையான பிளேட்லெட் அணுக்கள் படு மோசமாகக் குறைந்திருந்தன. ஈறிலும் கசிவு தெரிந்தது.

நகுல் கையுறையைத் தேடிக்கொண்டே வந்தான்.

"சப்கிளேவியன் போட்டுடலாம், கோகிலா. நான் போடறேன்."

காறை எலும்புக்கு அடியில் ஓடும் சிரையைத்தான் சொன்னான். அவன் சொன்னதில் அர்த்தம் இருந்தது. மூன்று இடங்களுள் கிருமி தொற்றுவதும் ரத்தக்கட்டி அடைப்பதும் குறைவான இடம் அதுதான். தொடை இடுக்கோ எப்போதும் ஈரமும் அழுக்கும் சேரும் இடம். பிளேட்லெட் ரெண்டு பை ஏறிண்டிருக்கும்போதே போட்டுடலாம் என்றான். தொடையில் போட்டால் நாலு நாளில் காய்ச்சல் வரும், இல்லாவிட்டால் கால் அடைக்கும், அது உனக்கே தெரியாதா என்றும் கேட்டான்.

அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் பார்வை வென்டிலேட்டரின் திரையில் இருந்தது. காறை எலும்பின் அடியில் சிரைக்கும் நுரையீரலின் உச்சிக்கும் நடுவே இடைவெளி சொற்பம். அழுத்தக் காற்றில் ஊதி நிற்கும் நுரையீரலை ஊசிமுனை ஒருமுறை தொட்டுவிட்டால், காற்று நெஞ்சுக்குள் வெளியேறி இதயத்தையே அமுக்கும். மற்றவர்களுக்கு நெஞ்சில் குழாய் விட்டுச் சமாளிக்கலாம். இவனிடம் சமாளிக்க ஒன்றுமே மீதி இல்லை. தமனியில் பட்டு ரத்தம் கசிந்தாலும் அங்கே எலும்பு மறைத்துக்கொண்டிருப்பதால் கையை வைத்து அமுக்கவும் வழி கிடையாது.

"உன் கையில எனக்குச் சந்தேகம் இல்லை, நகுல்" என்றாள். "இந்த ஆள்கிட்ட தப்பு பண்ண இடமில்லை. தொடையில தவறினா அமுக்கிப் பிடிச்சுக்கலாம். தொடையில போடறேன். பிளேட்லெட் ஏறினதும் எடுத்துடலாம்."

நகுல் இன்னும் ஒருமுறை மானிட்டரைப் பார்த்தான். "உன் பேஷன்ட். நீ சொன்னா சரி" என்றான். அதில் கோபம் இல்லை. சம்மதமும் இல்லை.

கட்டிலைத் தாழ்த்தாமலே, தலைப்பக்கம் உயர்ந்தபடி இருக்க, அவள் வலது தொடை இடுக்கைக் கழுவித் துணி போர்த்தினாள். "அண்ணே, வலது தொடையில ஒரு ஊசி குத்தப்போறேன். குழாய் போடணும். அசையாதிய" என்றாள். அசைய முடியாதபடி அவனுக்கு மருந்து ஓடிக்கொண்டிருந்தது. அல்ட்ராசவுண்டில் கறுப்பு வட்டமாகச் சிரை தெரிந்தது. முதல் குத்திலேயே கிடைத்தது. குழாய் போட்டு முடித்தபின்னும் ஓரத்தில் கசிந்துகொண்டே இருந்தது. அந்த நேரத்துப் பணியில் இருந்த ஆண் நர்ஸ் நாகூர் கனி பஞ்சை வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். பக்கத்தில் நகுல் வலது கழுத்தில் டயாலிசிஸ் குழாயைப் போட்டு முடித்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

பேராச்சி வெளியே நாற்காலி வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பட்டறையிலிருந்து தைத்து வரும் பைகளில் பிசிறு நூலை நறுக்குவது அவள் வேலை. விரல் நுனிகள் அதற்கேற்றபடி காய்த்திருந்தன. டாக்டர்கள் இதுவரை அவளிடம் பேசியதெல்லாம் ஹிந்தியில். அவளும் தலையை ஆட்டியிருந்தாள். கோகிலவாணி வந்து "அக்கா" என்று தொடங்கி அவள் ஊர்ப் பேச்சிலேயே நிலைமையைச் சொன்னபோது, பேராச்சி முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தாள்.

"அவிய பொழச்சிருவாவளாம்மா?"

"இப்ப சொல்ல முடியாதுக்கா. நாளைக்கு இருந்தாவன்னா, நாளன்னைக்குக் கொஞ்சம் தைரியமா சொல்லலாம்."

அப்படியொரு பதிலைப் பேராச்சி எதிர்பார்த்திருந்ததுபோலத் தெரிந்தது.

மாரீஸ்வரன் அடுத்த நாளும் இருந்தான். அதற்கடுத்த நாளும். தொண்டைக் குழாயில் வந்துகொண்டிருந்த சிவப்பு, மெதுவாகப் பழுப்பாகி நின்றது. அழுத்த மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். பிளேட்லெட் ஏறத் தொடங்கியது. டயாலிசிஸ் மட்டும் தொடர்ந்தது.

இந்த இடத்தில் கோகிலவாணி தொடையிலிருந்த லைனை எடுத்திருக்கவேண்டும். அவளே சொன்ன கெடு அதுதான். எடுக்காததற்கும் அவளிடம் காரணம் இருந்தது. கைகள் இரண்டும் நீர் கோத்து வீங்கிக் கிடந்தன. சின்ன ஊசி போடச் சிரை அகப்படவில்லை. ஆன்டிபயாடிக் ஓடவேண்டும், ரத்தம் எடுத்துச் சோதிக்கவேண்டும். லைனை எடுத்தால் வேறெங்காவது இன்னொன்று போட்டாகவேண்டும். இப்போதுதான் தேறிவரும் உடம்பில் இன்னொரு குத்து எதற்கு என்று நினைத்தாள். காலைச் சுற்றில் நாகூர் கனி, "மேடம், தொடையில இருக்கிற ஃபெமரல் லைனை இன்னைக்கு எடுக்கலாமா?" என்று கேட்டான். நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். மறுநாள் புதிதாக இரண்டு எலிக்காய்ச்சல் கேஸ் வந்து சேர்ந்தது. அதற்கு மறுநாள் ஞாயிறு. லைன் இருந்த இடம் சுத்தமாக, சிவக்காமல் இருந்தது. அவள் அதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை உடம்பு துடைக்கும்போது நாகூர் கனி போர்வையை விலக்கிப் பிடித்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டான். மாரீஸ்வரனின் வலது கால் இடது காலைவிட நன்றாகப் பருத்திருந்தது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் பரிசோதனையில், குழாயைச் சுற்றி ரத்தம் கட்டியாக உறைந்து தொடைச் சிரை முழுக்க அடைத்திருப்பது தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த சில நாட்கள் அவளுக்கு முதல் நாளைவிடக் கடினமாக இருந்தன. கட்டியைக் கரைக்க ரத்தத்தை இளக்கும் மருந்து கொடுக்கவேண்டும். கொடுத்தால், போன வாரம் ரத்தம் கசிந்த நுரையீரல் மறுபடியும் கசியலாம். கொடுக்காவிட்டால் கட்டி பிய்ந்து அதே நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். அவளும் நகுலும் பேசி, குறைந்த அளவில் தொடங்கி, தொண்டைக் குழாயில் சிவப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கூட்டுவது என்று முடிவெடுத்தார்கள். கை வீக்கம் வடிந்து சின்ன ஊசிக்குச் சிரை அகப்பட்டதும் தொடையிலிருந்த லைனை எடுத்தார்கள். நகுல் பழைய பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பேராச்சியிடம் சொல்லவேண்டியிருந்தது. ஹிந்தியில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஜூனியர் ஒருவர் முன்வந்தார். வேண்டாம் என்று அவளே போனாள். காலில் ரத்தக்கட்டி வந்திருக்கிறது என்பதைச் சொல்லி, மருந்து ஆரம்பித்திருப்பதையும் சொல்லிவிட்டு, "வீங்கினதுக்குக் காரணம் நான் போட்ட குழாய்தான்க்கா" என்றாள்.

பேராச்சி ஐசியுவின் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப எதுக்கும்மா அங்கன போட்டிய? பக்கத்துக் கட்டில்காரருக்கு கழுத்துலதான போட்டிருக்கு."

கோகிலவாணி உட்கார்ந்தாள். வலது கழுத்தை டயாலிசிஸுக்கு விட்டதையும், இடது கழுத்தில் சிரை சரியாக அமையாததையும் சொன்னாள். தோளுக்குக் கீழே போட்டிருந்தால் நுரையீரலில் ஓட்டை விழ வாய்ப்பிருந்தது, விழுந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் என்றும் சொன்னாள். அன்னைக்கு மூணு இடத்துலயும் ஆபத்து இருந்தது, காலுக்கு வரக்கூடிய ஆபத்துதான் உயிருக்கு உடனே வராத ஆபத்து என்று சொல்லி நிறுத்தினாள். இவ்வளவும் ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிட்டதாக அவளுக்கே தோன்றியது.

"திரும்பவும் அதே நெலமையில கொண்டாந்தாலும் நான் அங்கனதான் போடுவேன்" என்றாள். "ஆனா ரெண்டு மூணு நாள் முந்தியே எடுத்திருக்கணும். எடுக்காம விட்டது என் தப்பு."

பேராச்சி தன் விரல் காய்ப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அவியளுக்கு மிஷின் மிதிக்கித காலு அது" என்றாள். பிறகு, "இனிமே என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க" என்றாள். குரலில் மன்னிப்பும் இல்லை, சண்டையும் இல்லை. கோகிலவாணி இனிமேல் செய்யவேண்டியதைச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சமைக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தவளிடம் திருவேங்கடம் என்ன என்று விசாரித்தான். ஆஸ்பத்திரி விஷயம் அவன் வழக்கமாகக் கேட்பதில்லை. அவள் சொல்லி முடித்ததும், அந்த ஆள் பிழைத்துவிடுவானா என்று கேட்டான். பிழைத்துவிடுவான் போலத்தான் இருக்கிறது என்றாள். அப்புறம் என்ன என்றான் அவன். அது நியாயமான கேள்விதான். மாரீஸ்வரன் செத்திருந்தால் அவள் துக்கப்பட்டிருப்பாள், ஆனால் இப்படி உறுத்தியிருக்காது. செய்த காரியத்துக்காக வருத்தப்படுவதா, செய்யாமல் விட்டதற்காகவா என்று பிரித்துப் பார்த்தாள். தொடையைத் தேர்ந்ததில் அவளுக்கு வருத்தமே இல்லை. தேர்ந்தெடுத்தது சரி என்ற தைரியத்தில் அதை மறந்துவிட்டதுதான் உறுத்தியது. கல்லூரியில் எங்கே போடவேண்டும் என்று மணிக்கணக்காகச் சொல்லித் தந்தார்கள். எப்போது எடுக்கவேண்டும் என்பதை இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள்.

மாதக் கூட்டத்தில் அந்தக் கேஸை அவளே எடுத்து வைத்தாள். தலைமை டாக்டர் நகுலின் பக்கம் திரும்பி அவன் என்ன செய்திருப்பான் என்று கேட்டார். கோகிலவாணி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானா இருந்தா மேலதான் போட்டிருப்பேன்" என்றான் நகுல். "நன்னா போயிருக்கலாம். லங்க் ஓட்டையாப் போயிருக்கலாம். போயிருந்தா இன்னைக்கு இங்க கோகிலா இடத்துல நான் நின்னுண்டிருப்பேன். யார் சரின்னு இதுல இருந்து சொல்ல முடியாது, ஸார்."

அவன் இன்னொன்றும் சொன்னான். ஒவ்வொரு நாள் காலையும் ஒவ்வொரு கட்டிலிலும், இந்த லைன் இன்றைக்கு எதற்கு இருக்கிறது என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும். கேட்பது டாக்டராக இல்லாமல் நர்ஸாக இருந்தால் நல்லது. பதில் சொல்ல முடியாவிட்டால் அந்த இடத்திலேயே எடுத்துவிடவேண்டும். அப்படியே வைத்துக்கொண்டார்கள். முதல் வாரம் நாகூர் கனி அதைக் கேட்கச் சங்கடப்பட்டான். அடுத்த வாரத்திலிருந்து அவன் கேட்ட தொனியில் டாக்டர்களுக்குச் சங்கடமாகிவிட்டது.

மாரீஸ்வரனின் நுரையீரல் மறுபடி கசியவில்லை. சிறுநீர் வரத் தொடங்கியது. வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டு, தொண்டைக் குழாயை எடுத்த அன்று, குரல் கரகரத்தபடி அவன் முதலில் கேட்டது பட்டறையில் தோல் கட்டெல்லாம் நனையாமல் தப்பியதா என்று. தப்பியது என்று இனாயத்துல்லா சொல்லி அனுப்பியிருந்தார். பாதிதான் தப்பியிருந்தது.

வீட்டுக்குப் போன பிறகு மாதம் ஒருமுறை வந்து காட்டினான். மயக்கத்தில் இருந்ததால் நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. எல்லாம் பேராச்சி சொல்லித் தெரிந்ததுதான். முதல் முறை வந்தபோது கோகிலவாணியிடம் அவ்வளவாக முகம் கொடுக்கவில்லை. நீளமான இறுக்குக் காலுறையைச் சுருட்டி இறக்கிக் காலைக் காட்டினான். மாலையானால் கனக்கிறது, செருப்பு நுழைவதில்லை, ரத்தத்தை இளக்கும் இந்த மாத்திரை எத்தனை நாளைக்கு என்றான். அவள் சோதித்துப் பார்த்துச் சொன்னாள். இரண்டாம் முறை, இனாயத்துல்லா மிஷினின் மிதியை இடது பக்கம் மாற்றிக் கொடுத்திருப்பதாகவும், ஆரம்பத்தில் ஊசி ஊசியாக ஒடித்ததாகவும் சொன்னான். சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்தது.

"வலது காலு சரியானா திரும்ப மாத்திருவியளா?" என்று அவள் கேட்டாள்.

"எதுக்கு? இது பழகிட்டுல்லா" என்றான்.

கால் முழுக்கச் சரியாகவில்லை. நடக்கிறான், படி ஏறுகிறான், தைக்கிறான். நெடுநேரம் நின்றால் வீங்கும். அது இனி அப்படித்தான் இருக்கும் என்பதை அவள் மறைக்காமல் சொல்லிவிட்டாள். பேராச்சி தன் சந்திலிருந்து சர்க்கரை ரிப்போர்ட், ஸ்கேன் என்று யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு அவ்வப்போது வருவாள். பார்த்துச் சொல்லுங்க என்று முன்னால் நிறுத்துவாள். தன் புருஷன் காலைப் பற்றி அவள் மறுபடி பேசியதில்லை. கோகிலவாணியும் எடுப்பதில்லை.

இரண்டு மழைக்காலம் கடந்தது. நகுல் நவி மும்பையில் புதிதாகத் திறந்த ஓர் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாகப் போய், சான்பாடாவில் வீடு பார்த்துக் குடியேறிவிட்டான். ஒரு நாள் மத்தியானம் அவனிடமிருந்து போன். வென்டிலேட்டரில் ஒரு பெண், டெங்கு, பிளேட்லெட் கீழே, கழுத்தில் பழைய அறுவைத் தழும்பு. எங்கே போடலாம் என்று கேட்டான். இப்படி அவன் யாரையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. காற்றழுத்தம் எவ்வளவு, கட்டிலைத் தாழ்த்தினால் தாங்குகிறாளா, தொடையில் சிரை எப்படி, எத்தனை நாள் தேவைப்படும் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன், ஆனால் நீ கேட்கிறதைப் பார்த்தால் உனக்கே ஒரு முடிவு இருக்கிறது என்றாள்.

மறுநாள் அவனே கூப்பிட்டான். மேலேதான் போட்டானாம், காறை எலும்புக்கு அடியில், அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே. ஒன்றும் ஆகவில்லை, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்றான். குரலில் பழைய நகுல் கொஞ்சம் தெரிந்தான்.

"நல்லது" என்றாள் கோகிலவாணி. "எப்ப எடுக்கப்போற?"

நாளை காலை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான். சரி, நாளை காலை நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.